அமெரிக்காவின் சீர்திருத்தக் காலம், 1900–1920: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க வரலாற்றில் 1890களின் கடைசியிலிருந்து 1920 வரையுள்ள காலத்தை 'முற்போக்குக் காலம்' என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். வருமான வரி, உணவுக் கலப்படத் தடை, பெண்களின் வாக்குரிமை, மதுவிலக்கு எல்லாம் அந்த அலையில் வந்தவை. தேர்வுக்குப் படிப்பவர்களும் ஆர்வத்தில் தேடுபவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் கீழே. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குப் போதாது.

திடீரென்று ஏன் எல்லாரும் சீர்திருத்தம் பேச ஆரம்பித்தார்கள்?

திடீரென்று இல்லை. உள்நாட்டுப் போருக்குப் பிறகு ரயில், எஃகு, எண்ணெய் என்று ஒவ்வொரு தொழிலும் ஓரிரு கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ராக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் நாட்டின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் சுமார் 90 சதவீதத்தைப் பிடித்து வைத்திருந்தது. 1901இல் உருவான யு.எஸ். ஸ்டீல்தான் மூலதனம் 100 கோடி டாலரைத் தாண்டிய முதல் கம்பெனி. இன்னொரு பக்கம், நியூயார்க்கிலும் சிகாகோவிலும் காற்றோட்டமே இல்லாத அறைகளில் குடும்பம் குடும்பமாக அடைந்து கிடந்தார்கள்.

வருமான வரி வேண்டும், செனட்டர்களை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 1892லேயே விவசாயிகளின் கட்சியான பாப்புலிஸ்டுகள் கேட்டார்கள். பட்டிக்காட்டுப் பிதற்றல் என்று நகரத்தார் ஒதுக்கினார்கள். இருபது வருடம் கழித்து அதே கோரிக்கைகளை வக்கீல்களும் டாக்டர்களும் கல்லூரி படித்த பெண்களும் எடுத்துப் பேசியபோது சட்டமாயின. கேட்டது என்ன என்பதைவிடக் கேட்டது யார் என்பதுதான் இந்தக் காலம் முழுக்க முடிவைத் தீர்மானித்தது என்பது என் கணிப்பு.

இவர்கள் சோஷலிஸ்டுகளா?

பெரும்பாலோர் இல்லை. முதலாளித்துவத்தைக் கழற்றிப் போட அல்ல, பழுது பார்க்க வந்தவர்கள். இப்போதே கொஞ்சம் சரிசெய்யாவிட்டால் பின்னால் புரட்சி வரும் என்ற பயம் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு வெளிப்படையாகவே இருந்தது. சோஷலிஸ்டுகள் தனியாக இருந்தார்கள், பலமாகவும் இருந்தார்கள். 1910இல் மில்வாக்கி நகரம் எமில் சைடல் என்ற சோஷலிஸ்ட் மேயரைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஊர் சோஷலிஸ்டுகள் புரட்சியைவிடச் சாக்கடை, குடிநீர், பூங்கா பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

பத்திரிகைகளின் பங்கு உண்மையிலேயே அவ்வளவு பெரிதா?

பெரிதுதான். அச்சுச் செலவு குறைந்து, மலிவு விலை மாத இதழ்கள் லட்சக்கணக்கில் விற்ற நேரம் அது. மெக்ளூர்ஸ் இதழில் லிங்கன் ஸ்டெஃபன்ஸ் நகராட்சி ஊழல்களை ஊர் ஊராக எழுதினார். ஐடா டார்பெல் ஸ்டாண்டர்ட் ஆயிலின் கதையை 1902 முதல் 1904 வரை தொடராக எழுதினார். பென்சில்வேனியா எண்ணெய்ப் பகுதியில் வளர்ந்தவர் அவர். ராக்பெல்லரும் ரயில் கம்பெனிகளும் ரகசியமாகப் பேசிக்கொண்ட கட்டணச் சலுகையால் அடிபட்ட சிறு முதலாளிகளில் அவருடைய அப்பாவும் ஒருவர். ஆனாலும் தொடரில் புலம்பல் இல்லை. நீதிமன்ற ஆவணம், விசாரணைச் சாட்சியம் என்று ஆதாரமாக அடுக்கினார்.

1911இல் உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்ட் ஆயிலை 34 கம்பெனிகளாக உடைத்தது. உடைத்த துண்டுகளின் பங்கு விலை ஏறி, ராக்பெல்லர் முன்னைவிடப் பெரிய பணக்காரர் ஆனார்.

ஒரு நாவலால்தான் இறைச்சிச் சட்டம் வந்தது என்கிறார்களே?

பாதி உண்மை. அப்டன் சின்க்ளேர் 1906இல் வெளியிட்ட 'தி ஜங்கிள்' சிகாகோ இறைச்சிக் கூடங்களில் வேலை பார்க்கும் லிதுவேனியக் குடும்பம் ஒன்றின் கதை. தொழிலாளியின் துயரத்தைப் பார்த்து நாடு பொங்கும் என்று அவர் நம்பினார். நாடு பொங்கியது, ஆனால் தன் தட்டில் இருக்கும் சாசேஜை நினைத்து. மக்களின் இதயத்தைக் குறிவைத்தேன், தவறி வயிற்றில் பட்டுவிட்டது என்று அவரே பிறகு சொன்னார்.

ரூஸ்வெல்ட் இரண்டு பேரை அனுப்பி விசாரித்தார். நாவலில் சொன்னதில் பெரும்பகுதி சரி என்று அறிக்கை வந்தது. 1906 ஜூன் 30 அன்று இறைச்சிப் பரிசோதனைச் சட்டம், தூய உணவு மற்றும் மருந்துச் சட்டம் இரண்டிலும் கையெழுத்தானது.

மறு பாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வேளாண்துறை வேதியியலாளர் ஹார்வி வைலி பல வருடங்களாகக் கலப்படத்துக்கு எதிராகப் போராடி வந்தவர். 1902இல் தொடங்கி, தன்னார்வ இளைஞர்களுக்குப் போராக்ஸ் போன்ற பதப்படுத்தும் ரசாயனங்களைச் சாப்பாட்டோடு கொடுத்து உடம்பு என்ன ஆகிறது என்று பார்த்தார். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது! குழந்தைகளைத் தூங்க வைக்கும் மருந்தில் மார்ஃபின் இருந்த காலம் அது. புதிய சட்டம் அதைத் தடைகூடச் செய்யவில்லை, பாட்டில்மேல் எழுதினால் போதும் என்றது. எழுதியதும் தாய்மார்கள் வாங்குவது குறைந்தது.

பெரிய இறைச்சிக் கம்பெனிகளுக்கு இதில் இழப்பு குறைவு. பரிசோதனைச் செலவைக் கம்பெனிகளே கட்ட வேண்டும் என்று மசோதாவில் முதலில் இருந்தது. கடைசியில் வருடத்துக்கு 30 லட்சம் டாலரை அரசே கொடுப்பது என்று மாறியது. டின்மேல் தேதி போட வேண்டும் என்ற விதியையும் எடுத்துவிட்டார்கள். அரசு முத்திரை விழுந்த இறைச்சிக்கு ஐரோப்பாவில் மதிப்பு கூடியது. தொழிலாளிகளின் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் பற்றி அந்தச் சட்டங்களில் ஒரு வரிகூட இல்லை.

ட்ரையாங்கிள் தீ விபத்து ஏன் இவ்வளவு முக்கியம்?

தடுத்திருக்கக்கூடிய சாவுகள் என்று ஊரே கண்ணால் பார்த்ததால்.

நியூயார்க் கிரீன்விச் வில்லேஜில் ஆஷ் கட்டடம், 10 மாடி. மேல் மூன்று மாடிகளில் பெண்களின் சட்டை தைக்கும் ட்ரையாங்கிள் கம்பெனி. இத்தாலியிலிருந்து வந்த பெண்களும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதப் பெண்களும்தான் பெரும்பாலான தொழிலாளிகள், பலர் பதின்வயதினர். 1909 நவம்பரில் கிளாரா லெம்லிக் என்ற இளம்பெண் கூட்டத்தில் எழுந்து யூதர்களின் இத்திஷ் மொழியில் அறைகூவ, நகரத்தின் சட்டைத் தொழிலாளிகள் சுமார் 20,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பல கம்பெனிகள் இறங்கி வந்தன. ட்ரையாங்கிள் தொழிற்சங்கத்தை ஏற்கவே இல்லை.

1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை, வேலை முடியும் நேரம். எட்டாவது மாடியில் வெட்டுத் துணி கிடந்த தொட்டியில் தீப்பிடித்தது. பத்தாவது மாடிக்குத் தொலைபேசியில் தகவல் போனது, அங்கிருந்தவர்களில் அநேகமாக எல்லாரும் கூரை வழியாகத் தப்பினார்கள். ஒன்பதாவது மாடிக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே ஒரு பக்கக் கதவு பூட்டியிருந்தது. துணி திருடிப் போகிறார்களா என்று பையைச் சோதிப்பதற்காக எல்லாரையும் ஒரே வழியாக வெளியே விடுவது வழக்கம். வெளிப்புற இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் பிய்ந்து விழுந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. 146 பேர் இறந்தார்கள், அவர்களில் 123 பேர் பெண்கள். பலர் ஜன்னலிலிருந்து குதித்தவர்கள்.

முதலாளிகள் மாக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் இருவர்மேலும் வழக்கு நடந்தது. அந்த நேரத்தில் கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. விடுதலையானார்கள். 1914இல் சிவில் வழக்கில் ஓர் உயிருக்கு 75 டாலர் என்று ராசியானது. காப்பீட்டில் அவர்களுக்குக் கிடைத்தது அதைவிடப் பல மடங்கு. இதற்கிடையே 1913இல் தன்னுடைய வேறொரு தொழிற்சாலையில் கதவைப் பூட்டி வைத்ததற்காகப் பிளாங்க் மறுபடி பிடிபட்டார். அபராதம் 20 டாலர்.

ஆனால் மாநில அரசு சும்மா இருக்க முடியவில்லை. ராபர்ட் வாக்னர், ஆல் ஸ்மித் தலைமையில் விசாரணைக் குழு போட்டார்கள். குழு தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கியது. வெளியே திறக்கும் கதவு, தீப்பயிற்சி, பெண்களின் வேலை நேர வரம்பு என்று அடுத்த சில வருடங்களில் 30க்கு மேற்பட்ட சட்டங்கள் வந்தன. அன்று தெருவில் நின்று அந்தத் தீயைப் பார்த்தவர்களில் பிரான்சஸ் பெர்கின்ஸ் ஒருவர். 1933இல் அவர் தொழிலாளர் துறைச் செயலாளர் ஆனார். அமெரிக்க அமைச்சரவையில் முதல் பெண்.

குழந்தைத் தொழிலாளர் முறை எப்போது ஒழிந்தது?

நினைப்பதைவிடத் தாமதமாக. 1900 கணக்கெடுப்பின்படி 10 முதல் 15 வயதுக்குள் சுமார் 17.5 லட்சம் பிள்ளைகள் வேலை செய்தார்கள். லூயிஸ் ஹைன் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக 1908 முதல் நாடெங்கும் சுற்றிப் படமெடுத்தார். பைபிள் விற்பவர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்று பொய் சொல்லி ஆலைக்குள் நுழைவார். பிள்ளையின் உயரத்தைத் தன் சட்டைப் பொத்தானோடு ஒப்பிட்டு மனதில் வைத்துக்கொண்டு, பிறகு குறித்துக்கொள்வார்.

1916இல் கீட்டிங்–ஓவன் சட்டம் வந்தது. 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வைத்து உற்பத்தி செய்த ஆலைச் சரக்கு மாநில எல்லையைத் தாண்டக்கூடாது என்றது. வட கரோலினாவின் சார்லட் நகரில் பஞ்சாலைத் தொழிலாளி ரோலண்ட் டேகன்ஹார்ட் தன் இரு மகன்களும் வேலை செய்யும் உரிமை வேண்டும் என்று வழக்குப் போட்டார். பின்னால் நின்றது ஆலை முதலாளிகள். 1918இல் உச்ச நீதிமன்றம் 5–4 என்று சட்டத்தை ரத்துசெய்தது. நாடு தழுவிய நிலையான தடை 1938இல்தான் வந்தது.

நீதிமன்றங்கள் ஏன் இப்படிக் குறுக்கே நின்றன?

தொழிலாளியும் முதலாளியும் சமமாக உட்கார்ந்து ஒப்பந்தம் போடுகிறார்கள், அதில் அரசு தலையிடக்கூடாது என்பது நீதிபதிகளின் வாதம். 1905இல் லாக்னர் வழக்கில், ரொட்டிக்கடைத் தொழிலாளிக்கு வாரம் 60 மணி நேரம் என்ற வரம்பைக்கூட அப்படித்தான் தூக்கி எறிந்தார்கள். 1908இல் வக்கீல் லூயிஸ் பிராண்டைஸ் வேறு வழி பிடித்தார். ஆரெகன் சலவைக்கூடப் பெண்களுக்கு 10 மணி நேர வரம்பு வேண்டும் என்று வாதிட, சட்ட வாதத்தை இரண்டு பக்கத்தில் முடித்துவிட்டு, நூறு பக்கத்துக்குமேல் மருத்துவ, தொழிற்சாலை ஆய்வு அறிக்கைகளைக் கொடுத்தார். அவற்றைத் திரட்டியதில் அவருடைய மைத்துனி ஜோசபின் கோல்ட்மார்க்குக்குப் பெரும்பங்கு. வழக்கு ஜெயித்தது. ஆனால் ஜெயித்த காரணம், பெண் உடல் பலவீனமானது, தாய்மைக்காகக் காக்கப்பட வேண்டியது என்பது. அதே காரணத்தைச் சொல்லிப் பிறகு பல வேலைகளில் பெண்களை ஒதுக்கினார்கள்.

கட்சிப் பெருந்தலைகளின் ஆதிக்கத்தை எப்படி உடைத்தார்கள்?

வார்டுக்கு வார்டு ஆள் வைத்து, வேலை வாங்கிக் கொடுத்து, குளிர்காலத்தில் நிலக்கரி கொடுத்து, பதிலுக்கு ஓட்டை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சியின் அமைப்பான டாமனி ஹால் அதற்குப் பேர்போனது. விஸ்கான்சினில் ராபர்ட் லா ஃபாலெட், வேட்பாளரைக் கட்சிக்காரர்கள் மட்டும் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்யாமல் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஆரெகன் 1902இல் மக்களே மசோதா கொண்டுவந்து வாக்களிக்கும் உரிமையை ஏற்றது. கலிஃபோர்னியாவில் ரயில் கம்பெனியின் பிடியை உடைப்பேன் என்று ஜெயித்த ஆளுநர் ஹைரம் ஜான்சன், 1911இல் பதவியில் இருப்பவரைத் திருப்பி அழைக்கும் உரிமையையும் சேர்த்தார். 2003இல் ஒரு ஆளுநரை இறக்கி அர்னால்டு ஷ்வார்ஸ்நெகரை உட்கார வைத்தது அந்த விதிதான்.

சரி, ஜனநாயகம் விரிந்ததா? காகிதத்தில், ஆமாம். ஆனால் பதிவு விதிகளும் எழுத்தறிவுத் தேர்வுகளும் கூடவே வந்தன. 1896 அதிபர் தேர்தலில் 79 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு 1920இல் 49 சதவீதம். வார்டு ஆளிடம் நிலக்கரி வாங்கியவருக்குச் சீர்திருத்தவாதி எதுவும் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1912 தேர்தலில் என்ன விசேஷம்?

முக்கிய வேட்பாளர்கள் நான்கு பேரும் ஏதோ ஒரு விதத்தில் சீர்திருத்தம் பேசிய தேர்தல். குடியரசுக் கட்சி அப்போதைய அதிபர் டாஃப்டை நிறுத்தியதும் முன்னாள் அதிபர் ரூஸ்வெல்ட் கோபித்துக்கொண்டு முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார். மில்வாக்கியில் அவர் மார்பில் குண்டு பாய்ந்தது. சட்டைப்பையில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கூடும் மடித்து வைத்த உரையும் வேகத்தைத் தடுத்தன. குண்டோடு மேடையேறிப் பேசி முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். குடியரசுக் கட்சி ஓட்டு பிரிந்ததில் ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சன் 42 சதவீதத்தோடு அதிபரானார். சோஷலிஸ்ட் யூஜின் டெப்ஸ் 9 லட்சம் ஓட்டு வாங்கினார்.

வருமான வரிக்கும் மதுவிலக்குக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நிறைய. மத்திய அரசின் வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சாராய வரி. அதை விட்டுக்கொடுக்க வேறு வருமானம் வேண்டும். 1913இல் அரசியல் சட்டத்தின் 16ஆவது திருத்தம் வருமான வரிக்கு வழி திறந்தது. 3,000 டாலருக்குமேல் 1 சதவீதம், உச்சத்தில் 7 சதவீதம். சாதாரணத் தொழிலாளி ஆயிரம் டாலர்கூட எட்டாத காலம் என்பதால் பெரும்பாலோருக்கு வரியே இல்லை. அப்புறம் மதுக்கடை எதிர்ப்பு லீக் ஒரே கோரிக்கையோடு, எந்தக் கட்சியாக இருந்தாலும் மதுவை எதிர்ப்பவருக்கு ஓட்டு என்று தொகுதி தொகுதியாக வேலை பார்த்தது. முதல் உலகப் போர் வந்ததும் பீர் ஆலைக்காரர்கள் ஜெர்மானியர்கள் என்ற பேச்சு மீதியைச் செய்தது. 1920 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தடை 1933இல் போனது. பொருளாதார வீழ்ச்சியில் அரசுக்கு மறுபடி சாராய வரி தேவைப்பட்டதும் ஒரு காரணம்.

பெண்களுக்கு வாக்குரிமை எப்படிக் கிடைத்தது?

வயோமிங் 1869லேயே கொடுத்துவிட்டது. மேற்கு மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. 1917இல் வாக்குரிமைப் போராளி ஆலிஸ் பாலின் குழு வெள்ளை மாளிகை வாசலில் பதாகையோடு நின்றது. கைதான பெண்கள் சிறையில் உண்ணாவிரதம் இருந்தபோது குழாய் வழியாகக் கட்டாயமாக உணவு செலுத்தினார்கள். நாடெங்கும் வாக்குரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தத்துக்குக் கடைசியாக ஒப்புதல் வேண்டியிருந்த மாநிலம் டென்னசி. 1920 ஆகஸ்ட் 18 அன்று எதிர்ப்பாளர்களின் சிவப்பு ரோஜாவைக் குத்திக்கொண்டு வந்த 24 வயது மாநில சட்டமன்ற உறுப்பினர் ஹாரி பர்ன், ஆதரவாக வாக்களி என்று அம்மா எழுதிய கடிதம் பையில் இருக்க, ஆதரவாக வாக்களித்தார்.

கறுப்பின மக்களுக்கு இதெல்லாம் கிடைத்ததா?

பெரும்பாலும் இல்லை. தெற்கில் அவர்களின் ஓட்டைப் பறித்ததையே அங்கிருந்தவர்கள் 'தேர்தல் சீர்திருத்தம்' என்றுதான் அழைத்தார்கள். லூசியானாவில் 1896இல் 1,30,334 கறுப்பின வாக்காளர்கள் பதிவாகியிருந்தார்கள். 1904இல் 1,342 பேர். வில்சன் ஆட்சியில் வாஷிங்டன் அரசு அலுவலகங்களில் இனப் பிரிவினை விரிந்தது. 1913 பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னார்கள். அவர் கூட்டத்தில் காத்திருந்து, இல்லினாய் அணி வந்ததும் உள்ளே புகுந்து நடந்தார். தெற்கில் கறுப்பினப் பெண்களுக்கு 1920 திருத்தம் நடைமுறையில் பயன்பட 1965 ஆக வேண்டியிருந்தது.

ஆனாலும் 1909இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ், வெல்ஸ் உள்ளிட்டவர்கள் சேர்ந்து கறுப்பின மக்களின் உரிமைக்காகத் தொடங்கிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு இதே காலத்தின் பிள்ளைதான்.

அறிவியலை நம்பியவர்கள் என்கிறார்களே, அதில் என்ன தவறு?

நிபுணருக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை வைலியின் பரிசோதனைக்கும் போனது, 'தகுதியற்றவர்' பிள்ளை பெறக்கூடாது என்பதற்கும் போனது. 1907இல் இண்டியானா உலகின் முதல் கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை இயற்றியது. 1927இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய சட்டம் செல்லும் என்றது. எதிர்த்தவர் ஒரே நீதிபதி. முன்பு சட்டங்களை ரத்துசெய்ய அவ்வளவு துடித்த அதே நீதிமன்றம்.

காடுகள், பூங்காக்கள்?

ரூஸ்வெல்ட் காலத்தில் சுமார் 23 கோடி ஏக்கர் பாதுகாக்கப்பட்டது. பல இடங்களில் பூர்வகுடிகளின் நிலம் அது என்பது அப்போது யார் பேச்சிலும் வரவில்லை.

இந்தக் காலம் எப்படி முடிந்தது?

போரில். 1917 உளவுச் சட்டத்தின் கீழ், போருக்கு எதிராகப் பேசியதற்காக டெப்ஸுக்கு 10 வருடச் சிறை. 1920இல் சிறையிலிருந்தபடியே போட்டியிட்டு 9 லட்சத்துக்குமேல் ஓட்டு வாங்கினார். ஜெயித்தது பழையபடி இருப்போம் என்ற வாரன் ஹார்டிங். டெப்ஸை விடுவித்ததும் அவர்தான்.

அப்போது அங்கிருந்த இந்தியர்களின் நிலை?

பெரும்பாலோர் பஞ்சாபிகள், கலிஃபோர்னியாவில் பண்ணை வேலை. 1917 குடியேற்றச் சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதிக்குக் கதவை மூடியது. அமெரிக்க ராணுவத்தில் பணிபுரிந்த பகத் சிங் திந்த் குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் போனார். 1923இல், சாமானியர் புரிந்துகொள்ளும் பொருளில் இவர் வெள்ளையர் அல்ல என்று தீர்ப்பு வந்தது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறிக்கத் தொடங்கினார்கள்.

கலிஃபோர்னியாவில் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் நிலம் வாங்கக்கூடாது என்ற சட்டம் 1913லேயே இருந்தது. ஜப்பானிய விவசாயிகளைக் குறிவைத்து வந்தது, திந்த் தீர்ப்புக்குப் பிறகு பஞ்சாபிகள்மேலும் பாய்ந்தது. அதில் கையெழுத்திட்ட ஆளுநர், திருப்பி அழைக்கும் உரிமை தந்த அதே ஹைரம் ஜான்சன். இம்பீரியல் பள்ளத்தாக்கில் பல பஞ்சாபிகள் அமெரிக்காவில் பிறந்த தங்கள் பிள்ளைகளின் பெயரிலோ நம்பிக்கையான வெள்ளைக்காரர் பெயரிலோ நிலத்தை எழுதி வைத்து உழுதார்கள். இந்தியர்கள் குடியுரிமை பெறலாம் என்று சட்டம் மாறியது 1946இல்.